வானத்தில் ஆர் ஆரோடு கதைக்கினம்? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பலாலி விமான நிலையம் பற்றி ஒரு பக்கக் கட்டுரை போட்டிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஓடுபாதையைப் பற்றியோ டிக்கெட் விலையைப் பற்றியோ இல்லை, றேடியோவைப் பற்றி. வன்னி ஆட்களுக்கு றேடியோ என்றால் தனிப் பாசம் என்று தெரியும், ஆனால் இவ்வளவு என்று எதிர்பார்க்கவில்லை. சரி, இந்த முறை முழுக்க அதுதான்.

எங்கட வீட்டில் ஒரு பழைய கசற் றேடியோ இருக்கு. எஃப்.எம். முள்ளை 100 பக்கம் விட்டால் சில நேரம் ஆரோ இங்கிலிசில் எண் எண்ணாகச் சொல்லுற சத்தம் கொஞ்சம் கேட்டு மறையுது. பிளேன்காரர் கதைக்கிறது எண்டு மகன் சொல்லுறான். உண்மையோ?
*வாசகர் ஒருவர், பரந்தன்*

மகன் சொல்வது சரியாகத்தான் இருக்கும் ஐயா. எஃப்.எம். நிலையங்களுக்கு ஒதுக்கிய இடம் 87.5 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரை. அது முடிகிற அதே 108-இல் விமானங்களுக்குரிய பட்டை தொடங்குகிறது. 108 முதல் 118 வரை வழிகாட்டும் கருவிகளுக்கு, 118 முதல் 137 வரை பேச்சுக்கு. உலகம் முழுக்க இதே எண்கள்தான், பலாலியில் இறங்குகிற விமானத்துக்கும் பாரிஸில் இறங்குகிற விமானத்துக்கும் ஒரே பட்டை.

அப்படியென்றால் 118-க்கு மேலே கேட்க வேண்டியது உங்கள் பெட்டியில் 100-இல் ஏன் கேட்கிறது? பழைய றேடியோ, வருகிற அலையை அப்படியே எடுத்துப் பெருக்குவதில்லை. உள்ளே தானாக ஓர் அலையை உண்டாக்கி, வந்ததோடு கலந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 10.7 மெகாஹேர்ட்ஸாக இருப்பதை மட்டும் பிடித்துக்கொள்ளும். முள் 100-இல் நிற்கும்போது உள்ளே 110.7 ஓடிக்கொண்டிருக்கும். 100-க்கும் அதற்கும் வித்தியாசம் 10.7. ஆனால் 121.4-க்கும் அதற்கும் வித்தியாசம் அதே 10.7 தானே! நல்ல பெட்டி என்றால் முன்னாலேயே வடிகட்டி அந்த இரண்டாவது ஆளைத் தடுத்துவிடும், மலிவான பெட்டியில் வடிகட்டி பேருக்குத்தான் இருக்கும், அதனால் பக்கத்தில் போகிற விமானத்தின் பலமான அலை உள்ளே நுழைந்துவிடும். முள் நிற்கிற எண்ணோடு 21.4-ஐக் கூட்டிப் பாருங்கள், விமானி உண்மையில் பேசிய இடம் கிடைக்கும். பேச்சு தேய்ந்து கேட்பதற்கும் காரணம் உண்டு: விமானி பேசுவது ஏ.எம். முறையில் (குரலுக்கேற்ப அலையின் பலம் மாறும்), உங்கள் பெட்டி அதை எஃப்.எம். (அலையின் மீடிறன் மாறும்) என்று நினைத்துப் பிரிக்கப் பார்க்கிறது. இப்போது வருகிற, எல்லாம் ஒரே சில்லுக்குள் அடங்கிய சின்ன றேடியோக்களில் இந்த வேடிக்கை பெரும்பாலும் இல்லை. ஆகவே அந்தக் கசற் பெட்டியைப் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்ட ஊர் இது, ஒரு பழைய பெட்டியின் அருமையை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். ஒரு பக்கப் பேச்சுத்தான் கேட்கும். இந்தப் பட்டை அலைகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிறவை, பூமியின் வளைவைத் தாண்டி வளைந்து வராது. 35,000 அடியில் பறக்கிற விமானம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் சுற்றுவட்டத்துக்குத் தெரியும், அதனால் வவுனியாவில் நிற்கிறவருக்கு வங்காள விரிகுடாவின் மேல் பறக்கிற விமானி பேசுவதும் கேட்கலாம். ஆனால் பலாலிக் கோபுரம் நிலத்தில் நிற்கிறது, அது பதில் சொல்வது பரந்தனுக்கு எட்டாது. தொலைபேசியில் கதைக்கிற ஆளுக்குப் பக்கத்தில் இருந்து கேட்கிற மாதிரித்தான்.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். எஃப்.எம். ஒலி சுத்தமானது, இரைச்சல் குறைவு என்று பாடத்தில் இருக்கிறது. பிறகு ஏன் விமானங்கள் இன்னும் பழைய ஏ.எம்.-ஐப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன? காசு இல்லாததாலா?
*மாணவி, மல்லாவி*

நல்ல கேள்வி தங்கச்சி, காசும் ஒரு காரணம்தான், ஆனால் முதல் காரணம் இல்லை.

எஃப்.எம். வாங்கியில், அதாவது அலையைப் பிடிக்கிற பெட்டியில், ஒரு குணம் இருக்கிறது. ஒரே மீடிறனில் இரண்டு பேர் பேசினால் பலமானவரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவரைச் சுத்தமாக அழித்துவிடும். பாட்டுக் கேட்கிறவருக்கு அது வரம். கோபுரத்தில் இருந்து விமானங்களை வழிநடத்துகிற கட்டுப்பாட்டாளருக்கு அது ஆபத்து. பக்கத்தில் நிற்கிற பெரிய விமானம் ஓடுபாதைக்கு அனுமதி கேட்டுக்கொண்டிருக்கிற அதே நேரம், தூரத்தில் எஞ்சின் நின்ற சின்ன விமானம் ஒன்று உதவி கேட்டால், எஃப்.எம். என்றால் அப்படி ஒருவர் பேசினார் என்பதே கோபுரத்துக்குத் தெரியாமல் போகலாம். ஏ.எம்.-இல் இரண்டும் சேர்ந்து 'கீ...' என்று ஒரு கூச்சல் வரும். காதுக்குக் கேவலமாக இருக்கும், ஆனால் ஆரோ இரண்டு பேர் மோதிக்கொண்டார்கள் என்று உடனே தெரிந்துவிடும், 'திரும்பச் சொல்லுங்கள்' என்று கேட்கலாம். பலமான குரலுக்கு அடியில் மெல்லிய குரல் கேட்பதும் உண்டு.

இது எப்போதும் காப்பாற்றும் என்று சொல்ல வரவில்லை. 1977 மார்ச் 27, கனேரித் தீவுகளில் தெனரீஃப். பனிமூட்டம், ஒரே ஓடுபாதையில் இரண்டு 747 விமானங்கள். டச்சு விமானம் ஓடத் தொடங்குகிறது. 'பொறுங்கள், நான் கூப்பிடுகிறேன்' என்று கோபுரம் சொல்கிறது. 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறோம்' என்று அமெரிக்க விமானம் அதே கணத்தில் சொல்கிறது. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்ததால் டச்சு விமானியின் காதில் 'ஓகே' என்ற சொல்லும் அதன் பின் சில வினாடிக் கூச்சலும்தான் விழுந்தன. 583 பேர் இறந்தார்கள். கூச்சல் கேட்டது, ஆனால் அதை நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்று அந்த நேரத்தில் விமானி நினைக்கவில்லை. அதற்குப் பிறகு பேச்சு முறையையே மாற்றினார்கள். 'டேக் ஆஃப்' என்ற சொல்லை உண்மையில் மேலெழும்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை இரத்துச் செய்யும்போதும் மட்டும்தான் பயன்படுத்தலாம், மற்ற நேரம் 'டிபார்ச்சர்' என்று சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால் புதுக் கருவி பல வாங்கியதைவிட இந்த ஒரு விதி கூடுதலான உயிர்களைக் காப்பாற்றியிருக்கும்.

அடுத்த காரணம் இடம். ஏ.எம். பேச்சுக்கு ஒடுங்கிய இடம் போதும். முதலில் ஒரு தடத்துக்கு (சனலுக்கு) 200 கிலோஹேர்ட்ஸ் விட்டார்கள், பிறகு 100, 50, 25 என்று நெரித்துக்கொண்டே வந்தார்கள். 25 என்று வைத்தால் 118-க்கும் 137-க்கும் இடையில் 760 தடங்கள் வரும். ஐரோப்பாவின் வானத்துக்கு அதுவும் போதாமல், ஒவ்வொன்றையும் மூன்றாகப் பிரித்து 8.33 ஆக்கிவிட்டார்கள். அப்புறம் நீங்கள் சொன்ன காசு: உலகத்தில் உள்ள எல்லா விமானமும் எல்லாக் கோபுரமும் ஒரே நாளில் மாறினால்தான் புது முறைக்குப் போக முடியும். பாதிப் பேர் மாறி மீதிப் பேர் பழையதில் நின்றால் ஒருவரை ஒருவர் கேட்காத வானம்தான் மிஞ்சும். அதனால் 1940-களில் தொடங்கிய முறை இன்னும் ஓடுகிறது. பரீட்சையில் இதை எழுதினால் புள்ளி கிடைக்குமா என்று கேட்காதீர்கள், பாடத்திட்டத்தில் இல்லாததுக்கு நான் பொறுப்பில்லை.

எங்கட போட்டில் வி.எச்.எஃப். செற் இருக்கு. கரையை விட்டுக் கொஞ்சம் ஓடினாலே கரையில் உள்ளவனோடு கதைக்க ஏலாது. நடுக்கடலுக்கு மேல் பறக்கிற பிளேன் மட்டும் எப்படிக் கதைக்குது? இன்னொன்று, ஆபத்து நேரத்தில் மேலே போற பிளேனை எங்கட செற்றால் கூப்பிடலாமோ?
*மீனவர், முல்லைத்தீவு*

அண்ணை, இரண்டாவதுக்கு முதலில் பதில், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. சாதாரணப் பயணிகள் விமானத்தை உங்கள் செற்றால் கூப்பிட முடியாது. கடல் வி.எச்.எஃப். 156 மெகாஹேர்ட்ஸை அண்டி இருக்கிறது, 16-ஆம் சனல் 156.8, அதுவும் எஃப்.எம். விமானம் 137-க்குக் கீழே, ஏ.எம். இரண்டும் வேறு வேறு. தேடுதல் மீட்பு விமானங்களில் கடல் செற்றும் வைத்திருப்பார்கள், மற்றவற்றில் அதை எதிர்பார்க்க வேண்டாம். உங்களுக்கும் விமானத்துக்கும் பொதுவாக இருப்பது 406 மெகாஹேர்ட்ஸ். போட்டில் வைக்கிற அவசர பீக்கனும் விமானத்தின் வாலுக்குள் இருக்கிற அவசர பீக்கனும் இதே மீடிறனில்தான் கத்தும், அதைச் செய்மதிகள் பிடித்துக் கரையில் உள்ள மீட்பு நிலையத்துக்குச் சொல்லும். கனடா, பிரான்ஸ், அமெரிக்கா, சோவியத் யூனியன் நான்கும் சேர்ந்து தொடங்கிய ஏற்பாடு அது, பனிப்போர் காலத்தில், 1982-இல் முதல் செய்மதி மேலே போனது. முன்பு 121.5-இல் வருகிற பழைய பீக்கன்களையும் செய்மதி கேட்டது, 2009 பெப்ரவரி 1 முதல் அதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே ஆராவது 'விலை மலிவு' என்று 121.5 மட்டும் உள்ள பழைய பீக்கன் விற்க வந்தால் வாங்காதீர்கள். 406 உள்ளதை வாங்கி, படகின் பெயரில் பதிவு செய்யுங்கள். பதியாத பீக்கன் கத்தினால் அது ஆர் என்று கண்டுபிடிக்கவே நேரம் போகும்.

இப்போது முதல் கேள்வி. உங்கள் செற்றின் தூரம் அதன் பலத்தில் இல்லை, அன்ரெனாவின் உயரத்தில் இருக்கிறது. இரண்டு மீற்றர் உயர அன்ரெனா உள்ள இரண்டு போட்டுகள் ஒன்றையொன்று 11, 12 கிலோமீற்றர் வரைதான் கேட்கும். விமானம் பேசுகிற 118 முதல் 137 வரையும் வி.எச்.எஃப். இனம்தான், அதற்கு அது நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் போவது உயரத்தால். ஆனால் கொழும்பு பொறுப்பெடுத்திருக்கிற வான்பரப்பு, தீவைவிடப் பல மடங்கு பெரிது, தெற்கேயும் கிழக்கேயும் சமுத்திரத்துக்குள் நெடுந்தூரம் போகிறது. அங்கே வி.எச்.எஃப். முடிந்துவிடும்.

அந்த இடத்தில் எச்.எஃப். எடுப்பார்கள், 3 முதல் 30 மெகாஹேர்ட்ஸ் என்ற சிற்றலை. பழைய ஆட்கள் பி.பி.சி. தமிழோசை கேட்ட அதே சிற்றலைதான். இது வானத்தின் மேலடுக்கில் உள்ள அயன மண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் போய் விழும். சூரியன் இருக்கும் வரை அந்த அடுக்கின் குணம் ஒன்று, இருட்டியபின் வேறொன்று, ஆகவே பகலில் உயர்ந்த மீடிறன், இரவில் தாழ்ந்தது என்று மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சிற்றலையின் இரைச்சலை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மணிக்கணக்காக அதைக் காதில் வைத்திருந்தால் தலைவலிதான் மிஞ்சும். அதனால் ஒவ்வொரு விமானத்துக்கும் நான்கு எழுத்துக் குறி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். நிலத்தில் இருந்து அந்தக் குறிக்கான சுரங்களை அனுப்பினால் அந்த விமானத்தில் மட்டும் மணி அடிக்கும், அப்போது எடுத்துக் கதைத்தால் போதும்.

இப்போது பெரிய விமானங்களில் செய்மதித் தொடர்பும் இருக்கிறது, 1.5, 1.6 கிகாஹேர்ட்ஸ் பக்கம், கட்டுப்பாட்டாளரும் விமானியும் எழுத்துச் செய்தியாகவே பரிமாறிக்கொள்வார்கள். 2014 மார்ச் 8-இல் 239 பேரோடு காணாமல் போன மலேசிய விமானம் எம்.எச். 370-இன் கதையில் மிஞ்சிய முக்கியத் தடயம் இந்தச் செய்மதித் தொடர்புதான். பேச்சு நின்றது, ராடாரில் மறைந்தது, ஆனால் செய்மதி 'இருக்கிறாயா' என்று கேட்க விமானத்தின் கருவி 'இருக்கிறேன்' என்று மணிக்கொரு தடவை பதில் சொல்லிக்கொண்டு இருந்தது, விடியும்வரை. அந்தப் பதில்கள் வந்து சேர எடுத்த நேரத்தையும் அவற்றின் மீடிறனில் தெரிந்த சின்ன மாற்றத்தையும் வைத்துத்தான் தெற்கு இந்து சமுத்திரத்தில் தேடினார்கள். சில பாகங்கள் கரையொதுங்கின, விமானம் இன்னும் கிடைக்கவில்லை.

போனில் ஃபிளைட்ராடார்24 ஆப் வைத்திருக்கிறேன். தலைக்கு மேல் போகிற விமானம் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டுகிறது. போன் எப்படி அதைப் பிடிக்கிறது?
*வாசகி, வவுனியா*

போன் ஒன்றையும் பிடிக்கவில்லை, இணையத்தில் இருந்து எடுத்துக் காட்டுகிறது. பிடிப்பவர்கள் வேறு ஆட்கள். விமானம் தன் இடத்தை ஜி.பி.எஸ்.-இல் அறிந்து, 'நான் இன்னார், இங்கே, இவ்வளவு உயரத்தில்' என்று 1090 மெகாஹேர்ட்ஸில் வினாடிக்கு இரண்டு தடவை போல அறிவித்துக்கொண்டே போகும். அதில் மறைப்பு எதுவும் இல்லை, அதைப் பிடிக்கிற கருவி வைத்திருக்கிற எவரும் பிடிக்கலாம். உலகம் முழுக்க ஆர்வலர்கள் சின்ன அன்ரெனா வைத்து, கணினியில் செருகுகிற ஒரு மலிவான யூ.எஸ்.பி. துண்டோடு பிடித்து, இணையத்தில் ஏற்றிவிடுகிறார்கள். இதுவும் நேர்கோட்டு அலைதான், அதனால் கடல் பக்கம் சில நேரம் விமானம் படத்தில் காணாமல் போய்ப் பிறகு வரும். பயந்துவிடாதீர்கள், விழவில்லை. இராணுவ விமானங்கள் பெரும்பாலும் காட்டப்படுவதில்லை.

ராடாருக்கும் இதே 1090-இல்தான் பதில் போகும்: தரையில் இருந்து 1030-இல் கேள்வி, மேலே இருந்து 1090-இல் நான்கு இலக்க எண்ணோடு பதில்.

பிள்ளையிட்ட கனடா போகப்போறன். பிளேனில் போனை நிப்பாட்டச் சொல்லுவினமாம். நிப்பாட்டாட்டி விழுந்திடுமோ?
*அம்மா ஒருவர், கிளிநொச்சி*

விழாது அம்மா. ஆனால் நிப்பாட்டுங்கள். பழைய வகைப் போன் கோபுரம் தேடும்போது முழுப் பலத்தோடு துடிக்கும், டீவிக்குப் பக்கத்தில் வைத்தால் 'டிக் டிக் டிர்ர்' என்று கேட்குமே, அதே சத்தம் விமானியின் ஹெட்செற்றிலும் கேட்கலாம். இறங்குகிற நேரம் அது அவருக்குத் தொந்தரவு, அவ்வளவுதான்.

போனைவிடப் பெரிய சண்டை வேறொரு இடத்தில் நடந்தது. விமானத்தின் வயிற்றில் ஒரு கருவி 4.2 முதல் 4.4 கிகாஹேர்ட்ஸ் வரை கீழே அலை அனுப்பி, அது திரும்பிவர எடுக்கிற நேரத்தால் நிலத்துக்கு எத்தனை அடி என்று சொல்லும். மூடுபனியில் தானாக இறங்குகிற விமானம் இதை நம்பித்தான் மூக்கைத் தூக்குகிறது. 2009-இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு துருக்கி விமானத்தில் இந்தக் கருவி பழுதாகி, இன்னும் வானத்தில் இருக்கும்போதே நிலத்துக்கு வந்துவிட்டோம் என்று காட்ட, எஞ்சின்கள் தானாகத் தணிந்து விமானம் வயலில் விழுந்து 9 பேர் இறந்தார்கள். அது அலைக் குழப்பம் இல்லை, கருவிப் பழுது, ஆனால் இந்த எண் பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது போதும். ஆகவே 2022 ஜனவரியில் அமெரிக்காவில் 3.7 முதல் 3.8 கிகாஹேர்ட்ஸ் வரை 5ஜி தொடங்கியபோது, பழைய கருவிகளின் வடிகட்டி அதைத் தாங்குமா என்று பயந்து எமிரேட்ஸ், ஏர் இந்தியா உட்படச் சில நிறுவனங்கள் அங்கே போகிற சில பறப்புகளை நிறுத்தின. பிறகு விமான நிலையங்களைச் சுற்றிப் பலத்தைக் குறைத்து, கருவிகளுக்கு வடிகட்டி போட்டுச் சரிக்கட்டினார்கள். பரந்தன் ஐயாவின் கசற் பெட்டியில் உள்ள அதே வடிகட்டிப் பிரச்சினைதான், விலை மட்டும் வேறு.

சுவெற்றரைக் கைப்பையில் வையுங்கள் அம்மா, பிளேனுக்குள் குளிரும்.

பைலட்டின் றேடியோ பழுதாகிவிட்டால் எப்படி இறங்குவார்?
*எட்டாம் வகுப்பு மாணவன், ஒட்டுசுட்டான்*

முதலில், ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்கும் தம்பி, பெரிய விமானத்தில் இரண்டு மூன்று செற் வைத்திருப்பார்கள். எல்லாமே போனால் நான் மேலே சொன்ன நான்கு இலக்க எண்ணை 7600 என்று வைப்பார், ராடாரில் பார்க்கிறவருக்கு 'இவருக்கு றேடியோ இல்லை' என்று விளங்கிவிடும். 7700 என்றால் அவசரம், 7500 என்றால் கடத்தல். கோபுரத்தில் இருந்து விளக்கு அடிப்பார்கள்: அணையாத பச்சை என்றால் இறங்கலாம், அணையாத சிவப்பு என்றால் மற்றவருக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிரு, விட்டுவிட்டு எரியும் சிவப்பு என்றால் இங்கே இறங்காதே. கண்டுவிட்டேன் என்பதற்குப் பகலில் இறக்கையை ஆட்டிக் காட்டுவார்.

கலியாண வீடியோ எடுக்கிறேன், ட்ரோன் இருக்கு. அது பிளேன் றேடியோவைக் குழப்புமா? இணையத்தில் வாங்கிய வோக்கி டோக்கியும் இருக்கு, அதில் விமானப் பட்டையும் கேட்கும் என்கிறார்கள். பாவிக்கலாமா?
*புதுக்குடியிருப்பு வாசகர்*

ட்ரோன் 2.4 அல்லது 5.8 கிகாஹேர்ட்ஸில் ஓடுகிறது, வீட்டு வைஃபையின் இடம், விமானப் பேச்சுக்குக் கிட்டவும் வராது. அதன் அலை குழப்பாது, அதன் உடம்புதான் குழப்பும். இரணைமடு, வவுனியா ஓடுபாதைகளின் பக்கம் தாழப் பறக்கிற விமானத்தின் எஞ்சினுக்குள் ஒரு கிலோ பற்றரியும் பிளாஸ்டிக்கும் போனால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையில் பதிவும் அனுமதியும் எடுத்துவிட்டே பறக்கவிடுங்கள். கலியாண வீட்டுக்காரரிடமும் முதலே சொல்லிவையுங்கள். அந்த இரைச்சல் கேட்டதும் 'வண்டு வந்திட்டுது' என்று பந்தலை விட்டு எழும்புகிற வயசானவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள், வேவு விமானத்துக்கு நாங்கள் வைத்த பெயர் இளசுகளுக்குத் தெரியாது.

வோக்கி டோக்கி வேறு கதை. 1991-ஆம் ஆண்டின் 25-ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் ஒலிபரப்பக்கூடிய கருவி எதற்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும், கையில் வைத்திருப்பதற்கும் சேர்த்துத்தான். விமானப் பட்டையில் விளையாட்டுக்கு ஒரு சொல் சொன்னாலும் வாசல்படியில் பொலிஸ் நிற்கும், நிற்கத்தான் வேண்டும். நீங்கள் பொத்தானை அமத்திப் பிடித்திருக்கிற அந்த நேரம் முழுக்க அந்தத் தடத்தில் வேறு ஆரும் கதைக்க முடியாது, மல்லாவித் தங்கச்சிக்குச் சொன்ன அந்தக் கூச்சல்தான் வரும். ஆசை உண்மையாக இருந்தால் அமெச்சூர் வானொலிப் பரீட்சை எழுதுங்கள், அதே ஆணைக்குழுதான் நடத்துகிறது. சித்தியடைந்தால் 4எஸ் என்று தொடங்குகிற உங்களுக்கென்று ஒரு அழைப்புக் குறி கிடைக்கும், உலகம் முழுக்கக் கதைக்கலாம், விமானப் பட்டையைத் தவிர. அதுவரை அந்தச் செற்றின் பற்றரியைக் கழற்றி வையுங்கள்.